நிற்றலியல்: உயர்நிலத் தடைப்பாதை பற்றி ஓர் ஆய்வு

டென்வர் நகரம் கடல்மட்டத்துக்கு ஒரு மைல் மேலே இருக்கிறது என்பதில் அமெரிக்காவில் யாருக்கும் ஐயமில்லை. அந்த மைல் எங்கே முடிகிறது என்பதில்தான் கருத்து வேறுபாடு. கொலராடோ மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தின் வாசற்படிகளில் 15-ஆவது படிதான் 5,280 அடி என்று முதலில் பொறித்து வைத்தார்கள். 1969-இல் பொறியியல் மாணவர்கள் அளந்து பார்த்துவிட்டு, 18-ஆவது படி என்றார்கள். 2003-இல் இன்னும் நுட்பமான கருவிகளோடு வந்தவர்கள் 13-ஆவது படிக்கு இறக்கினார்கள். சுற்றுலா வருவோர் எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொரு படியிலும் நின்று படம் எடுத்துக்கொள்வது, நூலறிவைவிட உலகியலறிவு மேம்பட்டது என்பதற்குச் சான்று. இந்த நகரத்துக்குத்தான் 2014-லும் 2017-லும் ‘அமெரிக்கன் நிஞ்சா வாரியர்’ நிகழ்ச்சி தன் இரும்புச் சட்டங்களையும் தண்ணீர்த் தொட்டிகளையும் கொண்டுவந்து இறக்கியது. கம்பியில் தொங்கி, உருளையில் ஓடி, 14 அடிக்குக் குறையாத வளைசுவரில் பாய்ந்து ஏறும் இந்தப் போட்டிக்கு ஜப்பானில் 1997-இல் தொடங்கிய ‘சசுகே’ தாய்வீடு. உயர்நிலத்தில் இத்தகைய போட்டிக்கு ஆயத்தமாவோர் அனைவரும் காற்றுக்கு அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் தப்பான இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதும், அவர்கள் பயில வேண்டியது ஓட்டமோ தாவலோ அல்ல, நிற்பதே என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

முதலில் காற்றின் கணக்கு. டென்வரில் ஆக்சிஜன் குறைவு என்று சொல்வது பேச்சுவழக்கில் சரி, ஆய்வில் பிழை. அங்கும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு கடற்கரையில் உள்ள அதே 21 விழுக்காடுதான். குறைவது அழுத்தம், அதுவும் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. ஏற்காட்டைவிடச் சற்றே உயரமான, ஊட்டியைவிட நன்றாகவே தாழ்ந்த ஓர் ஊருக்குப் போவதற்காகச் சிலர் வாயையும் மூக்கையும் இறுக்கி மூடும் ‘உயரப் பயிற்சி’ முகமூடி ஒன்றை மாட்டிக்கொண்டு தெருவில் ஓடுகிறார்கள். அந்த முகமூடி மூச்சின் வழியைக் குறுக்குகிறதே தவிர, உள்ளே போகும் காற்றின் இயல்பை மலைக்காற்றாக மாற்றுவதில்லை. மூச்சுத் தசைகளுக்கு அது வேலை கொடுக்கலாம். குழந்தைகளுக்குப் பூச்சாண்டி காட்டவும் உதவலாம். இன்னும் வசதியானவர்கள் ஆக்சிஜன் குறைந்த கூடாரத்தில் படுத்துறங்குகிறார்கள். இவர்கள் பக்கம் உண்மையான ஆராய்ச்சி இருக்கிறது. லெவினும் ஸ்ட்ரே-கண்டர்சனும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வாரம் 2,500 மீட்டர் உயரத்தில் குடியிருந்து 1,250 மீட்டரில் பயிற்சி செய்த ஓட்டக்காரர்கள், கடல்மட்டத்துக்குத் திரும்பியதும் 5,000 மீட்டர் ஓட்டத்தை ஏறத்தாழ 13 விநாடி முன்னதாக முடித்தார்கள். ஆனால் அவர்கள் ஓட்டக்காரர்கள், ஓடினார்கள். நம் போட்டியாளர் தொங்குகிறார்.

தொங்குபவனுக்கு உயரம் என்ன செய்யும்? இக்கேள்விக்கான விடை முன்கையில் இருக்கிறது. விரல்கள் ஒரு விளிம்பை இறுக்கிப் பிடிக்கும்போது முன்கைத் தசைகள் விறைத்து, தம்முள் ஓடும் இரத்த நாளங்களைத் தாமே நெரிக்கின்றன. இரத்தம் நுழையாத தசைக்கு வெளிக்காற்றில் எவ்வளவு ஆக்சிஜன் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? கடற்கரையிலே தொங்கினாலும் அந்தச் சில நொடிகளில் முன்கைக்குள் இமயமலைதான். அதனால் சென்னையில் நழுவுகிற கை டென்வரிலும் அதே காரணத்துக்காகவே நழுவும். பாய்ச்சலுக்கும் குறையொன்றும் இல்லை, ஆதாயமே உண்டு. 1968-இல் 2,240 மீட்டர் உயரமுள்ள மெக்சிகோ நகர ஒலிம்பிக்கில் பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டி, உலகச் சாதனையை ஒரே தாவலில் 55 செண்டிமீட்டர் நகர்த்தினார். அதே மைதானத்தில் 10,000 மீட்டர் உலகச் சாதனையாளர் ரான் கிளார்க் எல்லைக்கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழுந்தார். ஆக, ஒரு மூச்சில் முடியும் செயலை மெல்லிய காற்று வாழ வைக்கிறது. பல மூச்சில் முடியும் செயலை வாட்டுகிறது. வளைசுவரில் ஏறுவது ஒரு மூச்சில் முடியும் செயல். 2014-ஆம் ஆண்டுத் தகுதிச் சுற்றுகளை முழுதாகக் கடந்த பெண்கள் மூவரில் கேசி கட்டன்சாரோ தாழ்நிலமான டாலஸிலும், மிஷெல் வார்ங்கி செயின்ட் லூயிஸிலும், மீகன் மார்ட்டின் டென்வரிலும் அதைச் செய்தார்கள். மூவரைக் கொண்டு முடிவு கட்டலாமா என்று புள்ளியியலார் முகம் சுளிக்கலாம். முகமூடிக் கட்சியாரிடம் அந்த மூவர்கூட இல்லை.

அப்படியானால் உயரம் எங்கேதான் தன் வேலையைக் காட்டுகிறது? இரண்டு தடைகளுக்கு நடுவே உள்ள மேடையில். தொங்கித் தாவி மேடைக்கு வந்தவுடன் தசை தான் செலவழித்த பாஸ்போகிரியேட்டின் என்னும் அவசரக் கையிருப்பை மீண்டும் நிரப்பத் தொடங்குகிறது. நிரப்புவதற்கு ஆக்சிஜன் வேண்டும். இங்கேதான் மெல்லிய காற்று குறுக்கே நிற்கிறது. கடற்கரையில் அரை நிமிடத்தில் பாதியளவு திரும்பும் தெம்பு இங்கே இன்னும் சற்றுத் தாமதித்தே திரும்பும். உயரம் போட்டியாளரின் செயலைத் தொடவில்லை, அவருடைய ஓய்வைத்தான் தொடுகிறது என்று இதனால் பெறப்படும். அந்த ஓய்வுக்கு விதியும் இடம் கொடுத்தது. டென்வர் போன்ற நகரங்களில் நடந்த சுற்றுகளில் இன்ன நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற கெடு இருக்கவில்லை. கடிகாரம் கறாராகக் கழுத்தைப் பிடிக்கும் கட்டங்கள் லாஸ் வேகாஸில் வந்தன; அந்த ஊரோ சுமார் 600 மீட்டர் உயரம்தான். அங்கே 75 அடிக் கயிற்றில் 30 விநாடிக்குள் ஏறியாக வேண்டியிருந்தது. 2015-இல் ஜெஃப் பிரிட்டனும் ஐசக் கால்டியரோவும் ஏறினார்கள். கால்டியரோ சில விநாடி முந்தியதால் பத்து லட்சம் டாலரும் அவருக்கே போயிற்று. நிலம் தாழ்ந்த இடத்தில் கெடு, நிலம் உயர்ந்த இடத்தில் தாராளம். நிற்பதற்கு இதைவிட வாய்ப்பான ஏற்பாட்டை நிற்பவர்களே கூடிச் சட்டம் இயற்றினாலும் செய்திருக்க முடியாது.

நேரமும் கணக்கில் வருமே, மெதுவாக நின்றால் தரவரிசையில் பின்தங்க மாட்டாரா எனின், அற்றன்று. முதலில் பார்க்கப்படுவது எவ்வளவு தூரம் போனார் என்பது; எவ்வளவு விரைவில் போனார் என்பது அதற்கு அடுத்தபடிதான். ஐந்தாம் தடையில் மின்னலாய் விழுந்தவர், ஆறாம் தடைவரை ஆடி அசைந்து வந்தவருக்குப் பின்னால்தான். (டென்வரில் விழுவது எளிது என்றொரு வதந்தியையும் இங்கே களைந்துவிடலாம். உயரத்தில் புவியீர்ப்பு ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் குறைவதில்லை. அந்தக் குறைவின் ஆதாயத்தையும் மெல்லிய காற்று தின்றுவிடுகிறது. தண்ணீரை எல்லாரும் உரிய நேரத்தில் அடைகிறார்கள்.) இன்னும் வலுவான மறுப்பு கலிபோர்னியாவின் டாஹோ ஏரிப் பக்கத்திலிருந்து வருகிறது. 2015 முதல் சில ஆண்டுகள் அங்கே பனிச்சறுக்கு மலையில் நடந்த ஸ்பார்ட்டன் உலகச் சாம்பியன்ஷிப் பந்தயமும் தொலைக்காட்சியில் வந்ததுதான், உயர்நிலம்தான், தடைப்பாதைதான். அங்கே ஒரு தடையில் தவறினால் 30 பர்ப்பி தண்டனை. படுத்து எழுந்து குதிக்கும் அந்த முப்பதையும் 2,000 மீட்டருக்கு மேல் செய்து பார்த்தவர் காற்றழுத்தம் குறித்துப் பாடநூல் எழுதவே தகுதி பெறுவார். முதல் ஆண்டு வென்ற ராபர்ட் கிலியனும் கொலராடோவின் தேசியக் காவற்படை அதிகாரியாக இருந்தவர். இதை மறுக்க வழியில்லை; மறுக்கத் தேவையும் இல்லை. அது மணிக்கணக்கில் நீளும் மலையோட்டம்; தடைகள் அதற்குத் தாளிப்பு. அங்கே நின்றவர் தோற்பார். அப்பந்தயத்துக்குக் கூடாரக் கட்சியார் சொல்வதையே கேட்க.

அப்படியாயின் நிஞ்சாப் போட்டியிலும் கொலராடோக்காரர்கள் தழைப்பது ஏன்? 2013-இல் பிரையன் ஆர்னல்ட் லாஸ் வேகாஸில் மூன்றாம் கட்டத்தின் கடைசித் தடைவரை போனாரே, மார்ட்டின் போல்டர் ஊர்க்காரராயிற்றே என்பார் உளர். காற்றின் புகழிலிருந்து பாறையின் கணக்கைக் கழித்துத்தான் பேச வேண்டும். போல்டரில் மெல்லிய காற்று இருப்பது உண்மை. ஊரின் தலைமாட்டிலேயே செங்குத்துப் பாறைகள் நிற்பதும், மார்ட்டின் பாறையேறும் வீராங்கனை என்பதும் அதைவிட முக்கியமான உண்மை. பாறையேறிகள் விரல் வலிமையால் வெல்கிறார்கள் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அவர்களிடம் உள்ள இன்னொரு கலையை யாரும் எழுதுவதில்லை: பாறையின் நடுவில், கால் வைக்கச் சிறிது இடம் கிடைத்த மாத்திரத்தில், அவசரமே இல்லாமல் இளைப்பாறத் தெரிந்தவர்கள் அவர்கள். தொலைக்காட்சி பார்த்துப் பயில்வோருக்கு இது தெரிய வழியில்லை. பல ஓட்டங்கள் சுருக்கிக் காட்டப்படுகின்றன; சுருக்கத்தில் முதலில் வெட்டுப்படுவது மேடையில் நிற்கும் காட்சி. மிச்சத்தைப் பார்ப்பவன், வீரர்கள் நிற்பதே இல்லை என்று நம்பி, நிற்காமலே பழகி, மூன்றாம் தடையில் குளிக்கிறான்.

ஆகவே பயிற்சி முறைமையும் மாறவேண்டும். படப்பிடிப்பு பொழுது சாய்ந்த பின் தொடங்கி விடியும்வரை நடப்பது. பெரும்பாலோர் தம் பெயர் அழைக்கப்படும்வரை பல மணி நேரம் காத்திருக்கிறார்கள். மேட்டுநிலத்தில் பகலில் வெயில் எவ்வளவு காய்ந்தாலும், உலர்ந்த காற்று இரவில் வெப்பத்தைத் தக்கவைப்பதில்லை. உலர்வு உள்ளங்கை வியர்வைக்கு நல்லது. குளிர் விரலுக்குக் கெட்டது. பயில்வோர் நள்ளிரவுக்குப் பின், கையுறை போட்டுக்கொண்டு, எதுவும் செய்யாமல் நிற்கப் பழகுவது நலம். பிறகு பத்து நொடி தொங்குக, மேடையில் ஒரு நிமிடம் நின்று, மூச்சை ஆழமாக விட்டு வாங்குக, மறுபடி தொங்குக. டென்வருக்குப் போவதானால் அந்த ஒரு நிமிடத்தை ஒன்றேகால் ஆக்கிக்கொள்க. நிற்கும்போது கையை எப்படி வைப்பது என்பதில் மட்டும் பாறையேறிகளிடையே வடகலை தென்கலைப் பூசல் ஒன்று உண்டு. கையைத் தொங்கவிட்டு உதறினால் இரத்தம் உள்ளே ஓடிவரும் என்பது ஒரு சாரார் கொள்கை. தலைக்கு மேல் தூக்கினால் தேங்கிய இரத்தம் வடியும் என்பது மற்றொரு சாரார் கொள்கை. எரிக் ஹார்ஸ்ட் என்னும் பயிற்சியாளர் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யச் சொல்கிறார். இக்கட்டுரையும் அவர் பக்கமே. ஆனால் மேலே தூக்கிய கையைப் பார்த்துக் கூட்டம், போட்டியாளர் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து ஆரவாரம் செய்யத் தொடங்கினால், அந்த உற்சாகத்தில் ஓய்வு முடியுமுன்பே அடுத்த தடைக்குத் தாவிவிடக்கூடாது.