அடைத்துத் திறக்கும் அண்ணன்

பைராம் தோட்டத்துப் பக்கத்து லாரி கம்பெனியானாலும் சரி, நிபோங் திபாலின் கணக்கர் அலுவலகமானாலும் சரி, பினாங்குப் பாலம் தாண்டி ஜார்ஜ் டவுன் லெபோ பாசாரின் மொத்த வியாபாரக் கடையானாலும் சரி, அடைத்துத் திறக்கும் அண்ணன் ஒருவர் அங்கே இருப்பார். சம்பளப் பட்டியலில் அவர் ஸ்டோர் கீப்பராகவோ விற்பனையாளராகவோதான் இருப்பார். ஆனால் "அண்ணே, லைன் ஸ்லோ" என்று குரல் கேட்டதும் எழுந்து வருகிறவர் அவர்தான். நடையில் அவசரம் இருக்காது. ரௌட்டரின் பச்சை விளக்கு மினுங்குவதைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சுவர் சுவிட்சை அடைப்பார். பத்து எண்ணுவார். முப்பது எண்ணுகிற பிரிவினரும் உண்டு. இரு தரப்புக்கும் இதுவரை சமரசம் ஏற்படவில்லை. பிறகு திறந்து, "இப்ப பாருங்க" என்பார். லைன் வந்துவிடும். முதலாளி செலவில் அண்ணனுக்கு ஒரு தே தாரிக்கும் வரும்.

அண்ணனின் கைராசியை யாரும் மறுக்க முடியாது. அலுவலகத்துக்கு அதிகம் செலவு வைப்பதே அந்தக் கைராசிதான் என்பது என் கட்சி. ரௌட்டரை அடைத்துத் திறந்தால் ஒரே நேரத்தில் பல காரியங்கள் நடக்கின்றன. நிரம்பிக் கிடந்த நினைவகம் காலியாகிறது. பழைய இணைப்புகள் அறுபடுகின்றன. வைஃபை வேறு சேனலுக்கு மாறக்கூடும். யாரோ மேகக் கிடங்குக்கு ஏற்றிக்கொண்டிருந்த நாலாயிரம் கல்யாணப் படங்கள் பாதியில் நிற்கின்றன. இவற்றில் எது நோய், எது அதைத் தீர்த்தது என்று அண்ணனுக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது. மலிவான ரௌட்டர்கள் தங்கள் குறிப்பேட்டைத் தற்காலிக நினைவகத்தில்தான் வைத்திருக்கின்றன. மின்சாரம் போனால் அதுவும் போயிற்று. என்ன நடந்தது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சியை அண்ணன் தினமும் தன் கையாலேயே அனுப்பிவைக்கிறார். அதனால்தான் மறுநாளும் அவரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

அடைத்தும் திறந்தும் பலிக்காத நாளில் அண்ணன் இரண்டாம் அஸ்திரத்தை எடுப்பார். கைப்பேசியில் ஸ்பீட் டெஸ்ட் ஓட்டி, முள் ஏறி இறங்குவதை முதலாளிக்குக் காட்டி, "லைனைப் பெருசாக்கணும் பாஸ்" என்பார். 300 மெகா 800 மெகா ஆகும். பில்லும் கூடும். கணக்கு மென்பொருள் மட்டும் பழையபடியே யோசித்து யோசித்துத் திறக்கும். இந்த வட்டாரத்துத் தோட்டங்கள் கரும்பிலிருந்து ரப்பருக்கு மாறி, பிறகு செம்பனையும் கண்டவை. ரப்பர் காலத்தில் வாளி நிறையப் பால் வந்ததைப் பார்த்து எந்தக் கிராணியும் கணக்கு எழுதிவிடவில்லை. மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு, பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்த்தபிறகுதான் பேனாவைத் திறந்தார். அவருடைய பேரப்பிள்ளைகள் நடத்தும் கம்பெனியில் வாளியின் அளவை மட்டும் பார்த்துக் காசு கட்டுகிறார்கள். லைன் எவ்வளவு பெரிதானாலும், கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். சர்வர் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்தால், பினாங்கிலிருந்து போய்த் திரும்ப 130 மில்லிவினாடிக்குக் குறையாது. ஒரு பக்கம் திறக்க நாற்பது முறை போய் வருகிற மென்பொருளுக்கு, எத்தனை மெகா வாங்கிப் போட்டாலும் ஐந்து வினாடி ஐந்து வினாடிதான்.

லைன் அளவில் இல்லாத கோளாறு எப்படியிருக்கும் என்பதற்கு 1986 அக்டோபர் சாட்சி. கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடமும் பல்கலைக்கழகமும் 400 கஜ தூரத்தில் இருந்தன. இடையே வினாடிக்கு 32 ஆயிரம் பிட் ஓடிய தகவல் திடீரென்று 40 பிட்டுக்கு விழுந்தது. யாராவது தகவலைக் கட்டுக்கட்டாக அச்சிட்டு எடுத்துக்கொண்டு நடந்திருந்தால் முன்னால் போய்ச் சேர்ந்திருப்பார். வான் ஜேக்கப்சன் அதைத் துருவிப் பார்த்தார். நெரிசல் வந்ததும் எல்லாக் கணினிகளும் பொறுமையிழந்து அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பி நெரிசலை வளர்க்கின்றன என்று கண்டார். பொறுமையைக் கற்றுக்கொடுக்கும் வழியை 1988-இல் கட்டுரையாக வெளியிட்டார். இன்றைய இணையம் அதன் மேல்தான் நிற்கிறது. அன்று அங்கே நம் அண்ணன் இருந்திருந்தால் தே தாரிக் வந்திருக்கும், கட்டுரை வந்திருக்காது.

"அதெல்லாம் பெரிய இடத்து விவகாரம், எட்டுப் பேர் வேலை செய்கிற கடைக்கு இப்படித் துருவிப் பார்ப்பதெல்லாம் எதற்கு?" என்பார்கள். நியாயமான கேள்விதான். அறுபது பக்க அறிக்கையில் அறுபது வண்ண வரைபடம் போட்டு, கடைசிப் பக்கத்தில் தன்னிடம் இருக்கும் பெட்டியையே வாங்கச் சொல்கிற ஆலோசகரும் அண்ணனுடைய டை கட்டிய தம்பிதான்; அவரையும் நான் சிபாரிசு செய்யவில்லை. தேவையான கருவிகளோ இலவசம். மைக் மஸ் 1983-இல் எழுதிய பிங் இன்றும் எல்லாக் கணினியிலும் கிடக்கிறது. முதலில் உங்கள் ரௌட்டரையே பிங் செய்யுங்கள். அதற்கே பதில் தாமதமானால் கோளாறு சுவருக்கு உள்ளே. சுளுக்கிய கேபிளாக இருக்கலாம், பக்கத்துக் கடையோடு ஒரே சேனலில் முட்டிக்கொள்ளும் வைஃபையாக இருக்கலாம். அங்கே சரியாக இருந்து வெளியே மட்டும் தாமதம் என்றால், மேலேற்றும் வழியை யார் அடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தேடுங்கள். பெரும்பாலும் சிசிடிவியோ, சாயங்காலக் காப்புப்பிரதியோ அகப்படும்.

பெரிய இடங்கள் மட்டும் தப்பிவிட்டன என்றும் இல்லை. 2002 நவம்பரில் பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் நெட்வொர்க் நாலு நாள் படுத்துக்கொண்டது. டாக்டர்கள் காகிதத்துக்குத் திரும்பினார்கள். ஆண்டுக்கணக்காகச் சுவிட்சோடு சுவிட்சை ஒட்டி வளர்த்த அமைப்பு அது. தகவல் வட்டமடிக்காமல் தடுக்கும் ஏற்பாட்டின் எல்லையை அது தாண்டிவிட்டிருந்தது. மேசைக்கடியில் அண்ணன் சொருகி வைத்திருக்கும் ஐந்து துளை சுவிட்சுகளை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

"வேலை நடக்கணுமா, ஆராய்ச்சி நடக்கணுமா?" என்பது முதலாளியின் கடைசிக் கேள்வி. வேலைதான் நடக்க வேண்டும். 2024 ஆகஸ்டிலிருந்து இ-இன்வாய்ஸ் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்ட நாட்டில், லைன் நின்றால் பில்லும் தடுமாறும். ஆனால் அண்ணனை இப்படி ஆக்கியவரும் முதலாளிதான். சுவிட்சை அடைப்பவர் வேலை செய்கிறவராகத் தெரிகிறார். பிங் எண்களைக் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பவர் சும்மா உட்கார்ந்திருப்பவராகத் தெரிகிறார். அடுத்த தடவை லைன் ஸ்லோவானால் அண்ணன் சுவிட்சில் கை வைக்கும் முன் அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள், பாஸ். மணி என்ன, எந்த மேசை, கம்பியா வைஃபையா, ரௌட்டர் வரை பிங் எவ்வளவு என்று நாலு வரி எழுதட்டும். எழுதிய பிறகு அடைத்துக்கொள்ளட்டும். தே தாரிக்கை நிறுத்திவிடாதீர்கள்.