சீமெந்து மாப்பிள்ளை சொல்லுறன், கேள்

வா மருமோனே, திண்ணையில இரு. ரொறன்ரோவில இருந்து வந்து மூண்டு நாளாகேல்லை, காங்கேசன்துறைச் சீமெந்துப் பக்ரறியைத் திரும்பத் திறக்கவேணுமெண்டு கீரிமலை முழுக்கச் சொல்லித் திரியிறியாம். நல்ல யோசனை. எனக்கு எண்பது கிட்டுது. பழைய வேலையைத் தந்தா இவ்வளவு காலச் சம்பளப் பாக்கியையும் சேர்த்து வாங்கிப்போடுவன்.

பக்ரறியின்ர சரித்திரமும் எழுதப்போறியாம். அப்ப ஜீ.ஜீ.யில இருந்து தொடங்கு. சோல்பரி துரைக்கு முன்னால சட்டசபை ஆசனத்தில ஐம்பதுக்கு ஐம்பது கேட்ட பொன்னம்பலம், பிறகு அரசாங்கத்தோட சேர்ந்து கைத்தொழில் மந்திரியானார். அவற்ற காலத்தில, 1950 இல, இந்த ஆலை வந்தது. நான் அப்ப கழிசான் போடாத பெடியன். சீமெந்துக் கலவையின்ர கணக்குத் தெரியுமோ உனக்கு? நூறு பங்கில எண்பது பங்கு வரை சுண்ணாம்புக்கல்லு, மிச்சம் களி. ஐம்பதுக்கு ஐம்பது அங்கையும் சரிவரேல்லை.

கல்லு எங்கட. களி முருங்கனில இருந்து றெயில்ல வரும். ரெண்டையும் அரைச்சுக் கூழாக்கி, உருளுற சூளைக்குள்ள ஆயிரத்து நானூறு பாகைக்கு மேல சுட்டால் கட்டி கட்டியா விழும், அதுதான் கிளிங்கர். கொஞ்ச ஜிப்சம் சேர்த்து அரைச்சாச் சரி, சீமெந்து. 1905 இலேயே துறைமட்டும் தண்டவாளம் வந்திட்டுது. பிறகென்ன, எங்கட ஊர் பைபையா றெயிலேறித் தெற்க போச்சு.

அந்தக் காலத்தில பக்ரறி உத்தியோகத்துக்குக் கலியாணச் சந்தையில தனி விலை. உன்ர மாமியைப் பேசி வந்தவை என்ர படிப்பைக் கேக்கேல்லை, நிரந்தரமோ எண்டுதான் கேட்டவை. தான் கட்டினது மனிசனையில்லை, ஒரு பை சீமெந்தை எண்டு மாமி இண்டைக்கும் சொல்லுவா. பிழையில்லை. வேலை முடிஞ்சு கீரிமலைக் கேணிக்குத்தான் ஓடுவம். கீரி முகத்தோட வந்த நகுல முனிவருக்கு அந்தத் தண்ணியில முகம் மாறினதாம். சீமெந்து முகத்தோட போன எங்களுக்கு? சீமெந்தில தண்ணி பட்டா என்ன ஆகுமெண்டு நான் சொல்லவேணுமோ? இறுகினதுதான்.

சிரிச்சது காணும். யாழ்ப்பாணத்தில வருசம் முழுக்க ஓடுற ஆறு கிடையாது. மாரி மழை இந்தச் சுண்ணாம்புக் கல்லின்ர பொந்துகளுக்கால இறங்கி, கீழ கிடக்கிற உப்புத் தண்ணிக்கு மேல மிதந்து நிக்கும். அதில கொஞ்சம் கல்லுக்குள்ளால ஊர்ந்து வந்து கடற்கரையில வெளிக்கிடுறதுதான் உந்தக் கேணி. ஆடி அமாவாசைக்கு விழுந்து முழுகிற சனத்தில ஆர் கேட்டது, உந்தத் தண்ணியை ஆர் பிடிச்சு வைச்சிருக்கிறதெண்டு? கல்லுத்தான் பிடிச்சு வைச்சிருக்கு. அந்தக் கல்லைத்தான் நாங்கள் வெட்டி வித்தனாங்கள். பானையை வித்து அடுப்பு வாங்கின கெட்டிக்காரர். அடுப்பு நல்லா எரிஞ்சது, அதையும் சொல்லவேணும். எத்தினை வீட்டில உலை அதாலதான் கொதிச்சது.

1990 ஆனியில சண்டை துவங்க எல்லாம் நிண்டுபோச்சு. பக்ரறி, றெயில், நாங்கள். வலிகாமம் வடக்குச் சனம் முழுக்க மூட்டையோட வெளிக்கிட்டது. பிறகு நடந்த கூத்தைக் கேள்: யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரக்கூடாத சாமான் பட்டியலில சீமெந்தும் ஒண்டு! இலங்கைக்குச் சீமெந்து குடுத்த ஊரார் அடுப்புக்கட்டு வெடிச்சா மண் குழைச்சு அப்பினம். கனகாலம் கழிச்சு ஆமி காணியை விட்ட பிறகு போய்ப் பாத்தா, பக்ரறிச் சீமெந்தால கட்டின என்ர வீட்டில அத்திவாரம்கூட ஒழுங்கா இல்லை. கல்லில வெட்டின கிணறு மட்டும் அப்பிடியே கிடக்கு. பக்ரறிக்குள்ள கிடந்த இரும்பு எங்கையெண்டு கேளாதை. இரும்புக்கும் கால் முளைக்கிற ஊர் இது.

சரி, திறக்கத்தான் போறாய். கல்லு எங்கை எடுக்கிறது? பழைய கல்லுக் கிடங்கையளில தண்ணி நிக்குது. உன்ர கொம்மாவின்ர சீதனக் காணி நல்ல கல்லுத்தறை, அதில துவங்குவமே? ஏன், முகம் கீரி மாதிரிப் போகுது? கிளிங்கரைக் கப்பலில இறக்கி அரைக்கலாமோ? தாராளமா அரை. ஆனா அதுக்குப் பேர் பக்ரறியில்லை, மிளகாய்த்தூள் மில்லு. என்னை மனேச்சரா வை, மாமிக்கு இன்னொருக்காத் தாலி கட்டுறன்.

வெயில் ஏறுது, கேணிக்குப் போட்டு வா. வரேக்க சந்திக் கடையில ரெண்டு பை சீமெந்து எடுத்துவா, கிணத்துக்கட்டு வெடிச்சிருக்கு. எந்த ஊர்ச் சீமெந்தெண்டாலும் காரியமில்லை, எங்கட கல்லு இல்லாட்டிச் சரி.