சுவாமிக்கே மூன்று நாள்தான்

திருத்தணிக்காரர்கள் கடல் பார்க்க மின்சார ரயிலேறிச் சென்னைக்குப் போக வேண்டும். ஆனாலும் 2022 ஜூனில் அங்கிருந்து கார்டிலியா சொகுசுக் கப்பல் கிளம்பியதும் எங்கள் ஊரிலும் சபலம் தட்டியது. இரண்டு இரவுத் திட்டத்தில் கப்பல் நடுக்கடல் வரை போய், எந்த ஊரையும் தொடாமல், ஏறின இடத்திலேயே இறக்கிவிட்டது. மலிவு டிக்கெட் என்றால் ஜன்னலில்லாத அறை. கடலைப் பார்க்க மாடியேற வேண்டியிருந்தது. ஐந்து இரவுக்காரர்களுக்கு விசாகப்பட்டினமும் புதுச்சேரியும் உண்டு என்றார்கள். புதுச்சேரியோ, கப்பலில் சூதாட்டம் இருக்கிறதென்று முதல் நடையிலேயே கதவைச் சாத்தியது.

ராயல் கரீபியன் கப்பல் நிறுவனம் 2023 டிசம்பரில் தொடங்கிய உலகச் சுற்று 274 இரவு! நாளைக்கு ஒரு படி ஏறினால்கூட அதற்குள் எங்கள் மலையின் 365 படிகளில் முக்கால்வாசி முடிந்திருக்கும். அத்தனை நாளும் எதிர் அறைக்காரரிடம் எத்தனை முறைதான் ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்பது?

ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் ஊர்ச் சரவணப் பொய்கையில் முருகனுக்கு வள்ளி, தெய்வானையோடு தெப்பம். மூன்றே நாள். இரண்டு சம்சாரத்தோடு தண்ணீரில் அதற்கு மேல் தாங்காது என்பது அவருக்குத் தெரியாதா என்ன? நமக்கு இரண்டு இரவு தாராளம்.