ஒரு பேனா, இரண்டு பெயர்

அமெரிக்கக் கிறிஸ்தவப் பதிப்பாளர்கள் பக்தி, காதல், துப்பாக்கி மூன்றையும் ஒரே அட்டைக்குள் வைத்து விற்கிறார்கள். நாயகி ஜெபித்தபடியே கொலைகாரனிடமிருந்து தப்புவாள். முத்தத்துக்குக் கடைசி அத்தியாயம்வரை பொறுக்க வேண்டும்.

ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு இதிலென்ன புதுமை? 1323இல் டில்லிப் படை வந்தபோது ஊரைவிட்டு வெளியேறிய கோயில் உற்சவமூர்த்தி நம்பெருமாள் திரும்பியது 1371இல். 48 வருஷத் தலைமறைவு! எந்த வாரப் பத்திரிகையும் இத்தனை காலத்துக்குத் 'தொடரும்' போட்டதில்லை. அந்த அலைச்சலைக் காதலும் கத்தியும் கலந்து 'திருவரங்கன் உலா'வாக எழுதினார் ஸ்ரீவேணுகோபாலன். புத்தகம் பல வீடுகளில் திவ்யப் பிரபந்தத்துக்குப் பக்கத்திலேயே இடம்பிடித்தது.

அதே மனிதர்தான் புஷ்பா தங்கதுரை. 'ஒரு ஊதாப்பூ கண் சிமிட்டுகிறது' எழுதியவர். 1976இல் கமல் நடித்துப் படமாகவும் வந்தது. அவருடைய 'என் பெயர் கமலா' கதையோ சிவப்பு விளக்குப் பகுதிக்கே போய்விட்டது. இந்தப் பெயரில் வந்தவற்றுக்கு அலமாரியில் இடமில்லை; தலையணைக்கு அடியில்தான்.

வெள்ளைக்காரன் மூன்றையும் ஒரே புத்தகத்தில் போட்டு ஒரு விலைக்குக் கொடுத்துவிடுகிறான். நம் ஆள் இரண்டு பெயரில் எழுதினார்; ஸ்ரீரங்கம் உத்தர வீதி மாமா இரண்டையும் காசு கொடுத்து வாங்கினார். முதலாவதைத்தான் மாமியிடம் காட்டினார். இரண்டாவதை மாமி ஏற்கெனவே படித்து முடித்திருந்தாள்.