வேர்க்காரர்

கோயமுத்தூரில் ஒரு வகை மனிதர்கள் பெருகி வருகிறார்கள். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். சொந்தப் பட்டறையோ நல்ல சம்பளமோ இருக்கும். காரின் பின்கண்ணாடியில் திமிலை நிமிர்த்திக்கொண்டு ஒரு காங்கேயம் காளை நிற்கும். தாத்தா எருதுகளை விற்று லேத் வாங்கினார். அப்பா காட்டை விற்று சைட் போட்டார். பேரன் அந்த எருதை ஸ்டிக்கராகத் திரும்ப வாங்கி ஒட்டியிருக்கிறார். இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் வேர்க்காரர்கள். 2017 சனவரியில் ஜல்லிக்கட்டுக்காக வ.உ.சி. மைதானத்தில் ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருந்த கூட்டத்தில்தான் பாதிப்பேர் முளைத்தார்கள். மீதிப்பேர் அந்த வீடியோக்களைப் பார்த்து முளைத்தவர்கள்.

என் நண்பர் முதல் ரகம். கணபதியில் சப்மெர்சிபிள் மோட்டார் பட்டறை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை பறை வகுப்புக்குப் போனார். கொடுத்த சான்றிதழைச் சட்டம் போட்டு ஆபீசில், ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றிதழுக்குப் பக்கத்தில் மாட்டினார். பறை இன்னும் பிரிக்காத உறையில் இருக்கிறது. அவர் மனைவி வேறு மாதிரி. வாரம் தவறாமல் வள்ளிக் கும்மி பயிற்சிக்குப் போகிறார். ஆண்கள் மட்டுமே ஆடிக்கொண்டிருந்த ஆட்டம் அது. மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்திரப்பன் அய்யா அதைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார்; 2024-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தம்மா வேர், மண் என்று ஒரு நாளும் பேசிக் கேட்டதில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மூன்று மணி நேரம் ஆடிவிட்டு வந்து தோசை ஊற்றுவார். வீட்டில் பேச்சுத் துறை முழுவதும் நண்பர் பொறுப்பு.

சித்திரையில் ஒரு நாள் போன் வந்தது.

"கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போறமுங்க. ரூம் கீம் எல்லாங் கெடையாது. மண்ணுல படுக்கறோம்."

மண்ணில் படுப்பதற்காக அவர் வாங்கியிருந்தவை: இரண்டு பேர் டென்ட், காற்றடிக்கும் மெத்தை, மடக்கு நாற்காலி இரண்டு, பேட்டரி விசிறி, தலையில் கட்டிக்கொள்ளும் விளக்கு. அந்தக் காசுக்கு ஒரு கன்றுக்குட்டியே வாங்கியிருக்கலாம். அது தானாக நிற்கவாவது செய்யும்.

பல்லடம், காங்கேயம் தாண்டி ஓலப்பாளையம் பக்கம் இருக்கிறது கண்ணபுரம். சித்திரையில் மாரியம்மன் தேரையொட்டிச் சந்தை கூடும். கண்ணுக்கெட்டும் வரை காளைகளும் கிடாரிகளும் வரிசையாகக் கட்டியிருக்கின்றன. செவலையாகப் பிறந்து ஆறு மாதத்தில் வெளுக்கும் கன்றுகள், கழுத்தும் திமிலும் கறுத்த பூச்சிக் காளைகள். மூக்கணாங்கயிறு, கழுத்துமணி, சலங்கை, சாட்டை விற்கும் கடைகள். மாட்டோடு வந்தவர்கள் அங்கேயே அடுப்புக் கூட்டிச் சோறாக்கி, தட்டுப்போருக்குப் பக்கத்திலேயே சாக்கை விரித்துப் படுக்கிறார்கள். எத்தனை தலைமுறையாகவோ அப்படித்தான். அதற்கு யாரும் கேம்பிங் என்று பெயர் வைத்ததாகத் தெரியவில்லை.

அங்கே விலை பேசுவது வாயால் அல்ல. ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பிடித்துத் தொகை சொல்வார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியக் கூடாது என்பதற்குத்தானே துண்டு? நண்பர் பரவசமாகிவிட்டார். "பாருங்க, பாருங்க, இதுதான் நம்ம மரபு" என்று குனிந்து, உள்ளே நடப்பது சரியாகத் தெரியவில்லை என்று தலைவிளக்கையும் போட்டார். தரகர் கையை உருவிக்கொண்டு நிமிர்ந்தார். கொங்கு நாட்டில் கோபம் வந்தாலும் மரியாதை போகாது. "ஏனுங், உங்களுக்கு வேற சோலி இல்லீங்ளா?" என்றார்.

டென்ட் அடிக்கக் கிடைத்த இடம் சுக்கான் மண். சித்திரை வெயிலில் காய்ந்து கல்லாகக் கிடந்தது. முளைகள் ஒவ்வொன்றாக வளைந்தன. பக்கத்தில் ஒரு சோடிக் காளையோடு வந்திருந்த பெரியவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்து நாலு குழி போட்டுக் கொடுத்தார். எழுந்து நின்ற டென்ட்டைச் சுற்றி வந்தார்.

"இதென்ன சாமி, கோழிக் கொடாப்புங்ளா?"

பொழுதோட அந்தப் பெரியவர் கொடுத்த கம்மஞ்சோற்றை மோரில் கரைத்துக் குடித்தோம். நண்பர் பதிலுக்கு அறிவு வழங்கினார். பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர் 1965-ல் இதே ஓலப்பாளையத்தில் தங்கி, உடுக்கையடித்துப் பாடிய அண்ணன்மார் கதையைப் பதினெட்டு ராத்திரி டேப்பில் பிடித்தார், இந்தக் கண்ணபுரத்தை வைத்துப் புத்தகமே எழுதினார் என்று அரை மணி நேரம் சொன்னார். சொன்னதில் தப்பில்லை. அந்த ஊர்க்காரரிடமே சொன்னார் என்பதுதான்.

பெரியவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கேட்டார்: "பதினெட்டு ராத்திரியும் அந்தம்மா பேசாமயா உக்காந்திருந்துச்சு?"

"ஆமாங்க."

"அதான் முச்சூடும் புடிச்சிருக்குது."

ராத்திரி பக்கத்து ஊரில் மாரியம்மன் நோம்பி. பூச்சாட்டி, கோயில் முன்னால் கம்பம் நட்டிருந்தார்கள். முக்கவர் மரத்தைத் தோலுரித்து, மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டியிருந்தது. அதுதான் அம்மனுக்குப் புருசன். பிடுங்குகிற நாள் வரைக்கும் காலையில் பெண்கள் தண்ணீர் ஊற்றுவார்கள், ராத்திரியில் இளவட்டங்கள் சுற்றி ஆடுவார்கள். பையன்கள் வைக்கோலைக் கொளுத்தித் தப்பட்டையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். நண்பர் போனைப் பதிவில் போட்டுவிட்டு, "தப்பட்டைனு சொல்லாதீங்க தம்பி, பறைனு சொல்லுங்க" என்றார். "செரிங்ணா. கொஞ்சம் தள்ளி நில்லுங், குச்சி பட்டுரும்" என்றான் பையன்.

அடி விழுந்தது. எனக்குத் தாளம் தெரியாது. வயிற்றுக்குள் ஏதோ உருண்டது, அவ்வளவுதான் சொல்ல முடியும். நண்பர் என் காதருகில் அடிக்கும் அடிக்கும் விளக்கம் சொன்னார். எந்தக் கையில் என்ன குச்சி, எந்த நூற்றாண்டு. ஆட்டம் ஒரு சுற்று முடிந்து நின்றபோதும் அவர் மட்டும் நிற்கவில்லை.

அப்போதுதான் ஒருவர், "ஏனுங், நீங்க கணபதில மோட்டார் பட்டறை வெச்சிருக்கீங்களாமா?" என்று வந்தார்.

ஐந்து நிமிடத்தில் இருபது பேர் சூழ்ந்துகொண்டார்கள். வானம் பார்த்த பூமி. ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணீர் சுண்டிப்போகிற ஊர்கள். ஒருவருக்கு வைண்டிங் மாசத்துக்கு ஒரு தரம் கருகுகிறது. இன்னொருவருக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வருகிறது. நண்பர் முகமே மாறியது. மரபு, மண் என்ற சொற்களெல்லாம் உதிர்ந்துபோய், "எத்தன ஸ்டேஜுங்க? கேசிங் எதுவரைக்கும் எறக்கியிருக்கீங்க? அப்புடீன்னா அது காத்துப் புடிக்குதுங்க, ரெண்டு லென்த் கீழ எறக்குங்க" என்று பேச ஆரம்பித்தார். கேட்டார், யோசித்தார், மறுபடி கேட்டார். 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செய்த ஊர்க்காரர் அல்லவா? நாள் முழுக்க அவர் பேசியதில் நான் கொட்டாவி விடாமல் கேட்டது அந்த ஒரு மணி நேரம்தான். தப்பட்டைப் பையன்கள்கூட ஓய்வில் வந்து குந்திக் கேட்டார்கள். இவரை அங்கே யாரும் தள்ளி நிற்கச் சொல்லவில்லை.

நடுச்சாமத்தில் கோடை மழை ஒரு பாட்டம் அடித்தது. டென்ட்டைப் பற்றி மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை. பெரியவரின் லாரிக்கு அடியில் அவருடைய சாக்கில் படுத்தோம்.

மறுநாள் திரும்பும் வழியில், பல்லடம் தாண்டியதும் பதிவைக் காரில் போட்டார். மூன்று மணி நேரப் பதிவு. பெரும்பாலும் அவர் குரல்தான். அவருக்கே வெட்கமாகி, தள்ளித் தள்ளி, தான் பேசாத ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார். அடி அற்புதமாக விழுந்திருந்தது. அவர் வண்டியை ஓரங்கட்டி, கண்ணை மூடினார். தலை மெல்ல ஆடியது. பத்து வருடப் பழக்கத்தில் அவரை இப்படிப் பேச்சில்லாமல் நான் பார்த்ததில்லை.

"எப்படிங்க?" என்றேன் மெதுவாக.

"சித்த இருங்க" என்று கையமர்த்தினார். இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

"பின்னால ஜெனரேட்டர் ஓடுது பாருங்க. பேரிங் கத்துதுங்க. நோம்பி முடியற வரைக்கும் தாங்காது. அந்தப் பெரியவர் நம்பர் வாங்குனீங்களா?"