மறுகட்டுமானத்தில் இருக்கும் மாண்புமிகு சம்மேளனத்துக்கு

அனுப்புநர்:
பீங்கான் பட்டறைக்காரர் ஒருவர்,
பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம்,
விருத்தாசலம், கடலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
இந்தியக் கூடைப்பந்து சம்மேளனம்.

பொருள்: இந்திய ஆடவர் அணி – மறுகட்டுமானம் – வீரர் பட்டியல், இளம் வீரர்கள் பற்றிய மதிப்பீடு – அறிக்கை சமர்ப்பித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. ஆசியக் கோப்பை, ஜெட்டா, ஆகஸ்ட் 2025.
2. தங்களிடமிருந்து இன்னும் வந்து சேராத ஆட்ட அட்டவணை.

ஐயா,

இப்படி ஓர் அறிக்கையைத் தாங்கள் யாரிடமும் கேட்கவில்லை. தோற்ற அணிக்கு யோசனை சொல்ல ஆள் இல்லாத டீக்கடை தமிழ்நாட்டில் கிடையாது, விருத்தாசலமும் அதற்கு விலக்கல்ல என்பதால் நானாகவே அனுப்புகிறேன்.

பார்வை ஒன்றில் கண்ட போட்டியில் நம் அணி ஜோர்டானிடம் கூடுதல் நேரத்தில் 84-91, சீனாவிடம் 69-100, சவுதி அரேபியாவிடம் 59-84 என்று மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. இதைத் தோல்வி என்று சொல்கிறவன் விவரம் தெரியாதவன். அமெரிக்காவின் என்பிஏவில் இதற்கு மறுகட்டுமானக் காலம் என்று மரியாதையான பெயர் இருக்கிறது. அங்கே ஓக்லஹோமா சிட்டி அணி 2021-22இல் 24 ஆட்டம் ஜெயித்து 58 தோற்றது. மூன்று பருவம் கழித்து 68 ஜெயித்து, 14 தோற்று, கோப்பையையும் தூக்கியது. பிலடெல்பியாக்காரர்கள் 2015-16இல் 10 ஜெயித்து 72 தோற்றார்கள். இப்படித் தோற்றுத் தோற்றே அணியைக் கட்டும் திட்டத்தை வகுத்த மேலாளர் சாம் ஹிங்கி 13 பக்கத்தில் விலகல் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நான் அவ்வளவு நீட்டமாட்டேன். தங்களிடமிருந்து விலகல் கடிதம் எதிர்பார்க்கவும் இல்லை.

அங்கே தோற்பதற்கும் ஒரு பலன் உண்டு. கடைசி மூன்று இடத்தில் இருக்கும் அணிகளுக்கு, அடுத்த ஆண்டின் முதல் இளைஞனைத் தேர்ந்தெடுக்கத் தலா 14 விழுக்காடு வாய்ப்பு. அதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வார்கள். நாம் ஜெட்டாவில் தோற்றதற்குக் கிடைத்தது திரும்பி வர விமான டிக்கெட். குலுக்கலை இங்கும் கொண்டுவரலாமே என்று யாராவது கிளம்பினால், தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003இலிருந்தே தடை என்பதை இப்போதே தெரிவித்துக்கொள்கிறேன்.

இனி மதிப்பீடு.

1. மூத்தவர்கள். 1975இல் பாங்காக்கில் நாம் ஆசியாவிலேயே நான்காவது. அதற்குமேல் இன்றுவரை ஏறவில்லை. ஆக, மறுகட்டுமானத்துக்கு வயது ஐம்பது. கட்டுமானம் என்றால், எங்கள் ஊர்ப் பழமலைநாதர் கோயில் திருப்பணிக்கு ஒரு தல வரலாறு உண்டு. விபசித்து முனிவர் வேலையாட்களுக்கு வன்னி மரத்து இலையைத்தான் கூலியாகக் கொடுப்பாராம். அவரவர் உழைத்த அளவுக்கு அது பொன்னாக மாறுமாம். அந்த முறை சம்மேளனத்தில் அமலுக்கு வந்தால் எத்தனை பேர் வெறும் இலையோடு வீடு திரும்புவார்கள் என்று நான் கணக்குப் போடவில்லை. தாங்கள் போட்டுப் பார்க்கலாம்.

நடுவில் ஒரு நல்ல நாளும் வந்தது. 2014இல் வூஹானில், சீனாவின் சொந்த மண்ணில், அவர்களை 65-58 என்று வென்றோம். அவர்கள் இறக்கியது இளம் அணிதான், இருந்தாலும் சீனா சீனாதான். சீனாவை நாம் வென்றது அதுதான் முதல் முறை. அன்று பயிற்சியாளர் ஸ்காட் பிளெமிங். அந்த அணியின் உயரமான தூண்களான அம்ஜ்யோத் சிங்கும் அம்ரித்பால் சிங்கும் அடுத்த ஆண்டே ஜப்பானின் டோக்கியோ எக்ஸலன்ஸ் அணிக்கு ஆடப் போனார்கள். போகாமல் என்ன செய்வார்கள்? இங்கே இருந்திருந்தால் அடுத்த தேசியப் போட்டிவரை சுவரோடு பந்து தட்டிக்கொண்டிருக்க வேண்டும். 2025இல் ஜெட்டாவிலும் அதே பிளெமிங்தான் பயிற்சியாளர். மனிதர் திரும்பி வந்து பார்த்தார், சீனா மாறியிருந்தது. இங்கே எது மாறியிருந்தது என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

2. இளம் வீரர்கள். தங்கள் மதிப்பீட்டு முறையை நான் கூர்ந்து கவனித்திருக்கிறேன். கையில் ஓர் அளவு நாடாவோடு அது முடிந்துவிடுகிறது. பஞ்சாபின் பல்லோ கே கிராமத்திலிருந்து ஏழடி இரண்டு அங்குலத்தில் சத்னாம் சிங் வந்தார். 2015இல் டல்லாஸ் அணி அவரை 52ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. என்பிஏ தேர்வில் இடம்பிடித்த முதல் இந்தியர் என்று நாமும் கொண்டாடினோம். என்பிஏ பருவத்தில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல், பிறகு அவர் மல்யுத்த மேடைக்குப் போய்விட்டார். பிரின்ஸ்பால் சிங் 2021இல் சாக்ரமெண்டோவின் கோடைக்கால லீக் அணியில் இருந்தார், அந்த அணி கோப்பையும் வென்றது. இரண்டு பேரிடமும் உயரம் இருந்தது, ஆசை இருந்தது. பதினாறு வயதிலிருந்து இருபது வயதுக்குள் எத்தனை நெருக்கடியான ஆட்டம் ஆடினார்கள் என்ற கேள்விக்கு மட்டும் அளவு நாடாவில் கோடு கிடையாது.

எங்கள் தெருவிலேயே ஒரு பையன் இருக்கிறான். பதினொன்றாம் வகுப்பு, ஆறடி மூன்று. பள்ளிக்கூடத்து சிமெண்டுத் தரையில்தான் ஆட்டம். வளையம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், வலைக்குப் பதில் நைலான் கயிறு, பந்தின் புள்ளியெல்லாம் தேய்ந்து வழுக்கை விழுந்துவிட்டது. பன்னிரண்டாம் நம்பர் ஷூ ஊரில் கிடைக்காது. பி.டி. சார் தன் கைக்காசில் ஆன்லைனில் வரவழைத்துக் கொடுத்தார். இடது கையால் லே-அப் போட்டால் சுமார்தான். ஆனால் பந்து எங்கே விழும் என்று அதற்கு முன்பே போய் நிற்கிறான், இதை யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது. அவன் ஆடும் போட்டிகள்: குறுவட்டம், மாவட்டம், மாநிலம். எல்லாம் நாக் அவுட். முதல் சுற்றில் தோற்றால் அந்த ஆண்டுக்கு அவ்வளவுதான், மூட்டையைக் கட்ட வேண்டும். அமெரிக்காவில் அவனைவிட இரண்டு மூன்று வயதே மூத்தவன் என்பிஏவில் நுழைந்தால் ஒரே பருவத்தில் அவன் அணிக்கு 82 ஆட்டம். நம் பையனுக்கு ஜெயித்தால் ஐந்தாறு, தோற்றால் ஒன்று.

இதில் எனக்குத் தெரிந்த தொழிலை வைத்து ஒன்று சொல்ல அனுமதிக்க வேண்டும். கரைத்த களிமண்ணை அச்சில் ஊற்றுகிறோம். அச்சு ஈரத்தை இழுக்க, ஓரத்தில் தோல்போலக் கட்டும். மிச்சத்தைக் கவிழ்த்து ஊற்றிவிட்டுப் பொம்மையை எடுத்து நிழலில் உலர்த்துவோம். உலர்ந்த பொம்மைக்குக் கண், மூக்கு, சிரிப்பு எல்லாம் முழுசாக இருக்கும், கொலுவில்கூட வைத்துவிடலாம். ஒரு வாளித் தண்ணீரில் போட்டால் திரும்பக் களிமண். சூளையில் வெந்து வந்ததுதான் கரையாது. தங்கள் பயிற்சி முகாம்கள் நிழலில் உலர்த்துகின்றன, நன்றாகவே உலர்த்துகின்றன. ஆட்டம்தான் சூளை. அதைப் பற்றவைத்து அரை மணியில் அணைத்துவிட்டால் எரிபொருளும் வீண், பொம்மையும் வீண். இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

3. ஒப்பந்தங்கள். என்பிஏ அணி என்றால் 15 பேர் ஒப்பந்தம், சம்பள வரம்பு, வீரர் பரிமாற்றம் என்று பெரிய கணக்கு. நம் கணக்கு சுலபம். நன்றாக ஆடுகிற பையனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. ஐஓபி, இந்தியன் வங்கி, ஐசிஎஃப், வருமான வரி, ரயில்வே. இவை இல்லாவிட்டால் தமிழ்நாட்டில் பெரியவர்கள் ஆடும் கூடைப்பந்தே இருந்திருக்காது, அதற்கு அந்த அலுவலகங்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஜெட்டாவில் அணித் தலைவராக இருந்த முயின் பெக் ஹஃபீஸ் சென்னைப் பையன்தான். அதே சமயம், ஒரு நாட்டின் தொழில்முறை விளையாட்டை வங்கியின் பணியாளர் பிரிவு தாங்கிப் பிடிக்கிறது என்றால், அதில் சம்மேளனத்தின் பங்கு எது என்று கேட்பது ஒரு வாடிக்கையாளரின் நியாயமான சந்தேகம். எங்கள் தெருப் பையனின் அப்பாவும் அதைத்தான் கேட்கிறார்: "ஆட்டம் இருக்கட்டும் சார், வேலை எப்போ வரும்?"

4. ஆட்டங்கள். 2010இல் ஐஎம்ஜி-ரிலையன்ஸ் நிறுவனத்தோடு 30 ஆண்டு ஒப்பந்தம் போட்டீர்கள். அதன் வழியாக வர வேண்டிய தொழில்முறை லீக் வரவேயில்லை. 2015இல் இன்னும் சுவாரசியம்: ஒரே சம்மேளனத்துக்கு ஒரே சமயத்தில் இரண்டு தலைவர்கள். ஆடுகளத்தில் ஐந்து பேருக்கு மேல் இறங்கினால் தவறு என்று விசில் ஊதுவார்கள், நிர்வாகத்துக்கு அப்படி நடுவர் கிடையாது. கடைசியில் உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாதான் யார் தலைவர் என்று சொல்ல வேண்டியிருந்தது. அதே 2015இல் தனியார் யூபிஏ லீக் ஆரம்பித்தது. அதில் ஆடிய சென்னை ஸ்லாம் அணியின் பெயரை ரசிகர்கள் பழகிக்கொள்வதற்குள் 2017இல் அதுவும் நின்றது. பிறகு ஐஎன்பிஎல் என்று இன்னொரு லீக். 2022-23 பருவத்தில் சென்னை ஹீட் முதல் சாம்பியன். 2025 தொடக்கத்தில் 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்காக ஐஎன்பிஎல் ப்ரோ: ஆறு அணிகள், சில வாரங்கள். மீதி மாதமெல்லாம் இளைஞர்கள் தங்கள் வயதைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

இதற்கிடையில் பெரியகுளத்திலும் கரூரிலும் கோவையிலும் உள்ளூர் மன்றத்துக்காரர்கள் வசூல் பண்ணி, விளக்குப் போட்டு, கேலரி கட்டி, நாட்டின் பெரிய அணிகளையெல்லாம் கூப்பிட்டு, பல ஆண்டுகளாக அகில இந்தியப் போட்டி நடத்துகிறார்கள். ராத்திரி பத்து மணிக்கும் கூட்டம் எழுந்து போகாது. அவர்களுக்கு 30 ஆண்டு ஒப்பந்தம் எதுவும் கிடையாது. அடுத்த கோடைக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று இந்தக் கோடையிலேயே பேசிவைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

5. பக்கத்து வீடு. 2014 நவம்பரில் ஃபிபா ஜப்பானை இடைநீக்கம் செய்தது. ஒரே நாட்டில் போட்டிக்குப் போட்டியாக இரண்டு லீக், சேரவே மாட்டோம் என்று பிடிவாதம். அவர்கள் இரண்டையும் ஒன்றாக்கி 2016இல் பி.லீக் தொடங்கினார்கள். ஊர் ஊருக்கு அணி, பருவம் முழுக்க ஆட்டம், சொந்த ஊர்க் கூட்டம். 2023 உலகக் கோப்பையில் ஜப்பான் மூன்று ஆட்டம் ஜெயித்து பாரிஸ் ஒலிம்பிக்குக்கு நேராகத் தகுதி பெற்றது. இரண்டு நாடும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் குழப்பத்தில் கிடந்தன. அங்கே குழப்பம் அட்டவணையாக மாறியது, இங்கே அறிக்கையாக மாறியது. ஜப்பான்காரர்கள் ஒரே ராத்திரியில் உயரமாகிவிட்டார்களா என்று தாங்கள் விசாரிக்கலாம். இல்லை என்றுதான் தகவல்.

ஆகவே மதிப்பீட்டின் முடிவு: பட்டியலில் உள்ள மூத்தவர்கள் தேறியவர்கள், இளைஞர்கள் தேறக்கூடியவர்கள். மறுகட்டுமானம் தேவைப்படுவது அணிக்கு அல்ல.

மேற்படி நிலையில் தங்கள் சமூகத்தைப் பணிவுடன் வேண்டிக்கொள்வது:

அ) பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்கு நாக் அவுட் முறையைக் கைவிட்டு, முதல் ஆட்டம் தோற்றவனும் அந்த ஆண்டில் இருபது ஆட்டமாவது ஆட வழிசெய்தல்.

ஆ) லீக் தொடங்கும்போது ஆரம்ப விழாத் தேதியோடு, மூன்றாம் ஆண்டின் கடைசி ஆட்டத் தேதியையும் சேர்த்து அறிவித்தல்.

இ) சென்னை என்று பெயர் வைத்த அணி, பாதி ஆட்டத்தையாவது தமிழ்நாட்டு ஊர்களில் ஆட வைத்தல். விருத்தாசலம் சந்திப்பில் பெரும்பாலான ரயில்கள் நிற்கும், ஆட்டக்காரர்கள் வந்து போவதில் சிரமம் இருக்காது.

ஈ) தலைவர் பதவிக்கு இருவர் உரிமை கொண்டாடினால், அவர்களை மட்டும் நாக் அவுட் முறையில் ஆட விடுதல்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேற்கண்ட பட்டறைக்காரர்.

இணைப்பு: அடுத்த ஆண்டுக்கான மாதக் காலண்டர் ஒன்று. அமாவாசை, பௌர்ணமி, முகூர்த்த நாள், அரசு விடுமுறை எல்லாம் அச்சிட்டே இருக்கின்றன. ஆட்ட நாட்களை மட்டும் தாங்கள் நிரப்பி, மார்ச்சுக்குள் திருப்பி அனுப்பினால் போதும். தபால் செலவு என்னுடையது.