அடிபட்ட அதிவேகக் கார் கொள்ளலாமா? – ஓர் அளவையியல் ஆராய்ச்சி

விபத்தில் அடிபட்ட பழைய அதிவேகக் காரை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கலாமா என்னும் வினா, இதுவரை டீக்கடைப் பெஞ்சிலும் மெக்கானிக் ஷெட்டிலும் மட்டுமே விவாதிக்கப்பட்டு வந்திருக்கிறது. புலவர் உலகம் இதைத் தொடாமல் விட்டதற்குக் காரணம், புலவர்களிடம் அவ்வளவு பணம் இருந்ததில்லை என்பதே எனக் கொள்க. ஆராய்ச்சிப் பொருளாக 2017-இல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் இங்கே எடுத்துக்கொள்ளப்படுகிறது. 230 குதிரைத்திறன், மணிக்கு 250 கிலோமீட்டர், அன்றைய ஷோரூம் விலை ஏறத்தாழ 25 லட்சம். ஒரு சாதுவான குடும்பக் காரின் உடம்புக்குள் இத்தனையும் அடக்கியிருந்ததால், சம்பளக்காரர்களின் ஆசைக்கும் அது எட்டியது. ஆசை எட்டி விலை எட்டாத இடத்தில்தான் அடிபட்ட வண்டிக்குச் சந்தை பிறக்கிறது. வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டிகள் தனிச் சாத்திரம். சென்னைவாசிகள் 2015 டிசம்பரிலேயே அதைக் கரைத்துக் குடித்துவிட்டார்கள் என்பதால் இங்கே விடப்பட்டன.

காண்டல், கருதல், உரை என அறிவதற்கு மூன்று அளவைகளைச் சைவ சித்தாந்திகள் சொன்னார்கள். இவற்றுள் உரையளவை ஐயத்துக்கு அப்பாற்பட்ட ஆப்தர் வாக்காக இருக்க வேண்டும். “சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி, முன்னாடி லேசா ஒரு டச்” என்னும் புரோக்கர் வாக்கு இதில் அடங்குமா என்பது ஆராயத்தக்கது. அடங்காது, என்னை? தமிழ்நாட்டில் விற்பனைக்கு நிற்கும் கார்களையெல்லாம் டாக்டர்களே ஓட்டியிருந்தால் மருத்துவமனைகளைப் பூட்டியிருக்க வேண்டும். காண்டல் சற்று மேல். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் கனத்தில் இருக்கும். அளவுக் கருவி 600 காட்டினால் அடியில் பட்டி இருக்கிறது. பேனட் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தழும்பு, ஏப்ரானில் வரிசை தவறிய ஸ்பாட் வெல்டிங் ஆகியனவும் கண்ணுக்குத் தெரிபவை. கருதலோ இன்னும் நுட்பமானது: இரண்டு ஹெட்லைட்டின் தயாரிப்புத் தேதியும் வேறுவேறாக இருந்தால், புகையால் நெருப்பை அறிவதுபோல விபத்தை அறியலாம். ஆயினும் இந்த அளவைகள் எல்லாம் அடிபட்டதைச் சொல்லுமேயன்றி, எவ்வளவு அடி என்பதைச் சொல்ல மாட்டா.

அதைச் சொல்லும் நூல் ஒன்றுண்டு, இன்ஷூரன்ஸ் விதி. பழுது பார்க்கும் செலவு வண்டியின் ஐ.டி.வி. என்னும் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது ‘டோட்டல் லாஸ்’. நான்கு வயது முடிந்து ஐந்து முடியாத காருக்கு ஷோரூம் விலையில் 50 சதவீதம் கழிப்பார்கள். ஆக அந்த வயதில் நம் விஆர்எஸ்ஸின் மதிப்பு பன்னிரண்டரை லட்சம்; அதில் முக்கால் பங்கு 9,37,500 ரூபாய். சர்வேயர் ஒருவர், பாகங்களின் விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, இத்தொகைக்குள் இது தேறாது என்று கையெழுத்திட்ட பிறகே இது ஏலத்துக்கு வருகிறது. அதை மூன்று லட்சத்துக்கு எடுத்த ஒருவர் இன்னொரு நான்கு லட்சம் செலவழித்து ‘ஷோரூம் கண்டிஷன்’ ஆக்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சிய 5,37,500 ரூபாய்க்கு மேலான வேலை எங்கே போயிற்று? கூலி குறைவு, பழைய பாகம் மலிவு என்று ஒரு பகுதிக்கு விடை சொல்லலாம். மறுபகுதிக்கு விடை டாஷ்போர்டுக்கு உள்ளே இருக்கும். ஏர்பேக் ஒருமுறை வெடித்தால் புதிதாகத்தான் போட வேண்டும். அதனோடு இழுத்துக்கொண்ட சீட்பெல்ட்டுகளும் அப்படியே. இவற்றுக்குப் பதிலாக ஒரு மூடியை ஒட்டி, எச்சரிக்கை விளக்கு எரியாதிருக்கச் சில்லறைக் காசுக்கு ஒரு ரெசிஸ்டரைச் செருகிவிடும் வித்தை உலகெங்கும் நடப்பதுதான். சிக்கனத்தில் இதற்கு இணையான சாதனை பொருளாதார வரலாற்றிலேயே அரிது.

இனி இரும்பின் இயல்பு. மோதலில் முன்பாகம் நசுங்கி, உள்ளிருப்பவரைக் காக்க வேண்டும் என்ற கருத்துக்கு மெர்சிடிஸ் பொறியாளர் பேலா பாரென்யி 1951-இல் காப்புரிமை கேட்டார். 1959 முதல் அது கார்களில் ஏறியது. இப்படி நசுங்கும் பாகம் தன் கடமையை ஒருமுறைதான் செய்யும். பயணிகளைச் சூழ்ந்த தூண்களோ சூடாக்கி அழுத்திக் கடினமாக்கிய எஃகு. டிங்கரிங் ஷெட்டில் நெருப்புக் காட்டித் தட்டி நிமிர்த்தினால் வடிவம் திரும்பும், வலு திரும்பாது. சாதாரண காருக்கும் இது பொருந்துமே எனின், பொருந்தும். ஆனால் 60-இல் போகும் காரைவிட 180-இல் போகும் காரில் மோதலின் ஆற்றல் ஒன்பது மடங்கு. அந்த வேகத்தில் சில மில்லிமீட்டர்ப் பிசகு ஸ்டியரிங்கில் பேசும். விஆர்எஸ்ஸுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணமெல்லாம் அவ்வேகத்திலும் வண்டி சொன்னபடி கேட்கும் என்ற உறுதிக்கான விலை. விபத்தில் முதலில் போவது அதுவே. ஆகவே அடிபட்ட அதிவேகக் காரை வாங்குபவர், அக்காரின் சர்வீஸ் பில்லை முழுதாகவும் அதன் பயனைக் குறைவாகவும் பெறுகிறார்.

அஃதேல், சென்னை மாநகருக்குள் காருக்கு 2023 முதல் 60 தான் உச்ச வேகம், அதையும் போக்குவரத்து நெரிசல் அனுமதிப்பதில்லை, இழந்த உறுதியை யார் தேடப் போகிறார்கள் எனின், தடை வலிதே. இவ்வாய்வில் இதற்கு மட்டுமே இரண்டு முறை யோசிக்க வேண்டியிருந்தது. விடை: அத்தகையவர் அடிபடாத 1.8 டிஎஸ்ஐ ஆக்டேவியாவை வாங்கட்டும். அதே உடம்பு, 180 குதிரைகள். நெரிசலில் அவற்றுள் 170 சும்மா நிற்கும். புதுப்பேட்டைப் பழைய பாகச் சந்தையில் எல்லாப் பாகமும் கிடைக்குமே என்பாரும் உளர். கிடைக்கும்; ஆனால் ஐந்நூறே வண்டிகள் வந்த மாடலுக்கு அங்கே ஒரு பாகம் வரவேண்டுமானால், இன்னொரு விஆர்எஸ் எங்கோ அடிபட்டிருக்க வேண்டும். அப்படிக் காத்திருப்பது தவமா, துர்நினைப்பா என்பதை அறநூலார் தீர்மானிக்கட்டும்.

விதிவிலக்கு ஒன்று. பம்பர், பேனட், கதவு என்று கழற்றி மாட்டும் பாகங்களோடு அடி நின்றிருந்தால், நல்ல விலைக்கு வாங்கலாம். பிரிட்டனில் இவ்வேறுபாட்டை 2017 முதல் ‘எஸ்’, ‘என்’ என்று எழுத்துப் போட்டே காட்டுகிறார்கள்: முன்னது கட்டமைப்பில் அடி, பின்னது மற்றவை. நம் ஆர்.சி. புத்தகத்தில் உரிமையாளரின் தகப்பனார் பெயருக்கு இடமுண்டு, இதற்கு இல்லை. எனவே சர்வேயர் அறிக்கையையும் அடிபட்ட கோலத்தில் எடுத்த படங்களையும் கேட்க வேண்டும். “அதெல்லாம் எதுக்கு சார், வண்டியப் பாருங்க” என்று பதில் வந்தால், புரோக்கர் உரையளவையைத் தாமே கைவிட்டுவிட்டார் என்று குறித்துக்கொண்டு ஆட்டோ பிடிக்கலாம்.